துறைக்கு 2 லட்சம் தர வேண்டும், எதற்குத் தருவது? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறது. "சார், நான் தமிழ்நாட்டில் ஒரு அரசுக் கல்லூரியில் எம்எஸ்சி ஜியாலஜி (நிலவியல்) படித்தவன். படித்த துறைக்கு 2 லட்சம் ரூபாய் தர ஆசை. அப்பா பெயரில் தங்கப் பதக்கம் வைக்கலாமா, ஸ்காலர்ஷிப் கொடுக்கலாமா? இங்கிருந்து அனுப்பினால் சட்டச் சிக்கல் வருமா?" என்று கேட்கிறார்.

நல்ல மனசு தம்பி. ஆனால் பதக்கம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. முதல் மதிப்பெண் வாங்குகிற பிள்ளை பதக்கம் இல்லாவிட்டாலும் முதல் மதிப்பெண் வாங்கும். அப்பா பெயர் ஆண்டுதோறும் மேடையில் ஒலிக்கும், அது சந்தோஷம்தான். ஆனால் படிப்பில் தடுமாறுகிற பிள்ளைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஸ்காலர்ஷிப்? அரசுக் கல்லூரியில் கட்டணம் பெரிய சுமை கிடையாது. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு இளநிலையில் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நம் துறையில் பிள்ளைகள் இடறுகிற இடம் வேறு. அது களப்பயணம்.

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்று ஒரு ஊர். சுமார் 10 கோடி வருடங்களுக்கு முன்பு கடலடியில் படிந்த களிமண், இன்றைக்கு மழைநீர் அரித்து ஓடை ஓடையாகக் கிடக்கிறது. நிழலுக்கு ஒரு மரம் தேட வேண்டும். குனிந்து பார்த்தால் சுண்டு விரல் கனத்தில், ஒரு முனை கூராக, பழுப்பு நிறத்தில் ஏதோ கிடக்கும். பெலம்னைட். கணவாய் மீனுக்கு உறவான, அழிந்துபோன ஒரு கடல் பிராணியின் உள்ளோடு அது. புத்தகத்தில் படம் பார்த்த பிள்ளை, அதைத் தானே பொறுக்கி உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிற நிமிஷத்தில்தான் ஜியாலஜி மாணவன் ஆகிறது. அதே சுற்றில் சாத்தனூர் கல்மரம், கல்லாகவே மாறிப்போன மரம், 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அப்படியே அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கம், இன்னொரு பயணத்தில் சேலம் மேக்னசைட் தாதுச் சுரங்கம் என்று போக வேண்டும்.

பஸ் வாடகை, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாலு நாளைக்கு ஒரு ஆளுக்கு நாலாயிரம், ஐயாயிரம் ஆகிவிடும். அது இல்லாத பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? காசு இல்லை என்று சொல்லாது. "உடம்பு சரியில்லை சார்", "வீட்டில் விசேஷம் சார்" என்று சொல்லும். இந்த இருபது வயசில் யாரும் கை நீட்ட மாட்டார்கள். அதனால்தான் "ஏழை மாணவர்கள் விண்ணப்பிக்கவும்" என்று நோட்டீஸ் ஒட்டுகிற உதவி பல சமயம் போய்ச் சேர்வதே இல்லை. நீங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் பஸ்ஸைப் பிடித்துக் கொடுங்கள். யார் வீட்டில் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்ற பேச்சே வராது. பெண் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தங்குமிடம், கூட வர ஒரு ஆசிரியை, இந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அனுமதி அதை நம்பித்தான் கிடைக்கிறது.

ஆராய்ச்சி மாணவர்கள் விஷயமும் இதே மாதிரிதான். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகை நிலத்தடி நீர் கெட்ட கதை எல்லோருக்கும் தெரியும். அதில் குரோமியம் எவ்வளவு என்று ஒரு மாணவி பார்க்க வேண்டுமென்றால், மழைக்கு முன் ஒரு தடவை, மழைக்குப் பின் ஒரு தடவை, அதே கிணறுகளில் தண்ணீர் எடுக்க வேண்டும். தண்ணீரில் துளியூண்டு கலந்திருக்கிற உலோகத்தையும் அளக்கிற ஐசிபி-எம்எஸ் கருவி தன் கல்லூரியில் இருக்காது, வெளியே கொடுத்தால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனிக் கட்டணம். கையில் இருக்கிற காசுக்கு 40 கிணறு 10 கிணறாகச் சுருங்கும். 10 கிணற்றை வைத்து வரைபடம் போட்டால் யார் ஏற்பார்கள்?

சரி, பணத்தை எப்படிக் கொடுப்பது? முதல் தொகையை வங்கியில் போட்டு வட்டியில் நடத்துவது நம் ஊர்ப் பழக்கம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 லட்சத்துக்கு 6.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 13,000. மூன்று பிள்ளைகளுக்குக்கூட இழுபறிதான். அதையே ஆண்டுக்கு 50,000 வீதம் நாலு வருஷத்தில் செலவழித்துவிட்டால், ஒவ்வொரு வருஷமும் பத்துப் பேருக்கு மேல் களத்துக்குப் போய் வருவார்கள். பணம் தீர்ந்ததும் அடுத்த பேட்ச் பழைய மாணவர்கள் கை கொடுக்கட்டும். கல்வெட்டில் பெயர் நிற்காது, அவ்வளவுதானே.

துறைத் தலைவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு மட்டும் அனுப்பாதீர்கள். அவர் தங்கமான மனிதராக இருக்கலாம், ஆனாலும் வேண்டாம். அவர் மாற்றலாகிப் போனால் கணக்குக் கேட்க ஆள் இருக்காது. பதிவு செய்த முன்னாள் மாணவர் சங்கம் இருந்தால் அதன் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள், ரசீது வாங்குங்கள். "களப்பணிக்கும் கல், தண்ணீர் மாதிரிகளின் பரிசோதனைக்கும் மட்டும்" என்று கடிதத்தில் எழுதி, முதல்வருக்கும் ஒரு நகல் போடுங்கள்.

சட்டம் கேட்டீர்கள். நீங்கள் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் என்றால், உங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட நண்பர்கள் சேர்ந்து கொடுக்க நினைத்தால் கதை வேறு. பூர்வீகம் இந்தியாவாக இருந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான், வாங்குகிற அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி வேண்டும். இரண்டையும் ஒரே கவரில் போட்டு அனுப்பிவிடாதீர்கள், சங்கத்துக்குத்தான் தலைவலி. நன்கொடைக்கு நாம் 80ஜி என்று சொல்கிற வரிச்சலுகையும் புதிய வரி முறையில் இருப்பவர்களுக்குக் கிடையாது. இந்தியாவில் உங்களுக்கு வரி இருந்தால் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காரையில் நிழலே கிடைக்காது என்று சொன்னேன் இல்லையா, அதனால் களப்பயணம் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில்தான் போடுவார்கள். செப்டம்பருக்குள் பணம் போய்ச் சேர்ந்தால் பஸ்ஸுக்கு முன்பணம் கட்ட வசதியாக இருக்கும். இப்போதே துறைக்கு ஒரு போன் போட்டு, இந்த வருஷம் எத்தனை பேர், எந்தப் பக்கம் போகிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.