ஹ்ராஸ்தொவ்லியே: சுண்ணாம்பு மறைத்த சுவர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்லோவேனியா நாட்டின் தென்மேற்கில், அட்ரியாட்டிக் கடலோரத் துறைமுகமான கோப்பர் நகரிலிருந்து ரீஷானா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக உள்நாட்டை நோக்கிச் சென்றால், சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளுக்குக் கீழே ஹ்ராஸ்தொவ்லியே என்னும் சிற்றூர் வருகிறது. இருநூறு பேர்கூட வசிக்காத ஊர் இது. ஸ்லோவேனிய மொழியில் ‘ஹ்ராஸ்ட்’ என்றால் ஓக் மரம். அந்தச் சொல்லே ஊரின் பெயருக்குள் இருக்கிறது. கல் வீடுகளும் திராட்சைத் தோட்டங்களும் ஒலிவ மரங்களும் உள்ள இவ்வூரைக் கலை வரலாற்றாளர்கள் தேடி வருவதற்குக் காரணம், ஊருக்கு அருகே மேட்டின்மேல் நிற்கும் பரிசுத்த திரித்துவக் கோயில் என்னும் கிறிஸ்தவ தேவாலயம்.

முதலில் பார்க்கிறவருக்கு அது கோயிலாகத் தெரியாது. உயரமான கல்மதில் சுற்றிலும் எழுந்து நிற்க, மணிக்கூண்டின் மேற்பகுதி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும். கோயில், தடித்த சுவர்களும் அரைவட்ட வளைவுகளும் கொண்ட ரோமனெஸ்க் என்னும் இடைக்கால ஐரோப்பியப் பாணியில் கட்டப்பட்ட பழைய கட்டடம். மதிலோ 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அக்காலத்தில் இப்பகுதி, வெனிஸ் குடியரசும் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரசும் ஒன்றையொன்று உரசிக்கொண்டிருந்த எல்லைப்புறமாக இருந்தது. போதாக்குறைக்கு ஒட்டோமான் படைகளின் திடீர்த் தாக்குதல்களும் இருந்தன. கோட்டை கட்டிக்கொள்ள வசதியில்லாத ஊரார், ஆபத்து வந்தால் ஓடிவந்து ஒதுங்குவதற்குக் கோயிலையே அரணாக்கிக்கொண்டார்கள். வழிபடும் இடமும் உயிர் பிழைக்கும் இடமும் ஒன்றாகவே இருந்த ஊர் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனால்தான் அங்குள்ள ஓவியங்கள் சரியாகப் புரியும் என்பது என் எண்ணம்.

உள்ளே இடம் சிறியது. இரண்டு வரிசைத் தூண்கள் அதை மூன்று பகுதிகளாகப் பிரிக்கின்றன. சுவர், வளைந்த கூரை என்று ஏறக்குறைய எங்கு திரும்பினாலும் ஓவியம். உலகப் படைப்பு, ஆதாம் ஏவாள், மூன்று அரசர்களின் வருகை, இயேசுவின் பாடுகள் ஆகியவற்றை வரைந்தவர் யோஹான்னஸ் த காஸ்துவா, ஊர் வழக்கில் கஸ்தாவ் ஊர் யானெஸ். கஸ்தாவ் இன்றைய குரோஷியாவில், ரியேகா நகருக்கு அருகே உள்ளது. ஓவியரின் பெயரும் 1490 என்ற ஆண்டும் கோயிலுக்குள் எழுதப்பட்ட வரிகளிலிருந்தே நமக்குத் தெரியவருகின்றன.

எல்லோரும் முதலில் தேடுவது தென்சுவரில் உள்ள ‘மரண நடனம்’. எமன் என்றதும் நம் கண்முன் எருமையும் பாசக்கயிறும் வந்துவிடும். அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பாருங்கள். இங்கே மரணம் என்பது வெறும் எலும்புக்கூடு. திறந்த குழியருகே ஓர் எலும்புக்கூடு இருக்கையில் அமர்ந்து காத்திருக்கிறது. அதை நோக்கிப் பதினொரு மனிதர்கள் ஊர்வலமாக வருகிறார்கள், ஒவ்வொருவரையும் ஓர் எலும்புக்கூடு கைப்பிடித்து அழைத்து வருகிறது. போப்பாண்டவர் முன்னே வருகிறார். அரசன், அரசி, கர்தினால், ஆயர், துறவி, செல்வந்தன், இளைஞன், ஊன்றுகோலோடு நடக்கும் முடவன் எல்லோரும் வரிசையில் இருக்கிறார்கள். கடைசியில் ஒரு குழந்தை. செல்வந்தன் தன் பணப்பைக்குள் கையை விடுகிறான். ஏதாவது கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்ற நினைப்பு. அழைத்துப் போகும் எலும்புக்கூடு அதைச் சட்டைசெய்யவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத உழவர் ஒருவர் ஞாயிறுதோறும் இந்தச் சுவருக்கு எதிரே நின்று, தன்னிடம் வரி வாங்குகிறவர்களும் தனக்கு உபதேசம் செய்கிறவர்களும் அதே வரிசையில் நடந்து போவதைப் பார்த்தபோது பயத்தோடு கொஞ்சம் ஆறுதலும் அடைந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

இந்தப் பொருளை இப்பகுதியில் வரைந்தது இவர் ஒருவர் மட்டுமல்லர். இவ்வூர் அடங்கிய இஸ்திரியத் தீபகற்பத்திலேயே, பெராம் என்னும் ஊரின் தேவாலயத்தில் 1474ஆம் ஆண்டிலேயே கஸ்தாவ் ஊர் வின்சென்ட் ஒரு மரண நடனம் வரைந்திருக்கிறார். ஆகவே ஹ்ராஸ்தொவ்லியேவை அதிசயத் தனித்தீவாகப் பேசுவது பிழை. ஊர் ஊராகச் சென்று கோயில் சுவர்களை நிரப்பிய ஒரு வட்டார மரபின் கையெழுத்து அது.

என்னைக் கேட்டால், மரண நடனத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியையாவது அண்ணாந்து பார்ப்பதற்கு ஒதுக்க வேண்டும். மேலே வளைந்த கூரையில் ஆண்டின் மாதங்கள், ஒவ்வொன்றும் தனக்குரிய வேலையோடு வரையப்பட்டிருக்கின்றன. தென்சுவர் எல்லோருக்கும் பொதுவான முடிவைச் சொல்கிறது என்றால், கூரை அந்த ஊராரின் அன்றாடத்தைச் சொல்கிறது. அரசர்களையும் ஆயர்களையும் அவர்கள் எப்போதாவது கண்டிருக்கலாம். வயல்வேலை அவர்கள் கையில் காய்ப்பாக இருந்தது.

இந்த ஓவியங்கள் நீண்ட காலம் யார் கண்ணிலும் படவில்லை. பிற்காலத்தில் சுவர்மேல் பூச்சும் வெள்ளையடிப்பும் அடுக்கடுக்காக ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டன. அவற்றை 1949இல் கண்டுபிடித்தவர் யோஷெ பொஹ்லென், அவ்வூரிலேயே பிறந்த சிற்பி, அப்போது இருபதுகளில் இருந்தவர். மூடியதைக் குறை சொல்வது எளிது. ஆனால் சுவரோவியத்தின் வேதியியல் வேறு விதமாகப் பேசுகிறது. ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின்மேல் வண்ணம் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும்போது வண்ணத்தையும் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. அதன்மேல் பிறகு பூசிய அடுக்கைக் கவனமாகச் சுரண்டி எடுத்தால் அடியில் உள்ள வண்ணம் பெரும்பாலும் தப்பித்திருக்கும். வண்ணத்தைப் பிடித்து வைத்ததும் சுண்ணாம்பு, மறைத்ததும் சுண்ணாம்பு. மெழுகுவர்த்திப் புகையிலிருந்து காத்ததும் அதுவே.

பொஹ்லெனின் கை ஊரில் இன்னோரிடத்திலும் தெரிகிறது. முட்டைகளைச் சேகரித்துக் கால்நடையாகவும் கழுதையோடும் இன்று இத்தாலியில் உள்ள திரியெஸ்தே நகரச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று, நூலும் வீட்டுச் சாமான்களும் வாங்கித் திரும்பிய ‘ஷவ்ரீன்கா’ப் பெண்களுக்கு அவர் சிலை வடித்திருக்கிறார். அந்தப் பெண்கள் நடந்த வழி அப்படியே இருக்க, அதன்மேல் ஆட்சிகள்தாம் மாறின: ஆஸ்திரியா-ஹங்கேரி, முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலி, இரண்டாம் போருக்குப் பின் யூகோஸ்லாவியா, 1991 முதல் ஸ்லோவேனியா. சொந்த ஊரை விட்டு நகராமலே ஒரு மூதாட்டி இந்த நான்கையும் பார்த்திருக்க முடியும்.

கடைசியாக, கோயிலின் சுவர்களை அருகே போய்ப் பார்த்தால் வண்ணத்தின்மேல் கூர்முனையால் கீறிய சிறு எழுத்துகள் தெரியும். அவை கிளகோலித்திக் எழுத்துகள். 9ஆம் நூற்றாண்டில் ஸ்லாவிய மொழிக்கென உருவாக்கப்பட்டு, இலத்தீன் எழுத்து பரவிய பின்னும் இஸ்திரியப் பாதிரியார்களிடையே நெடுங்காலம் வழங்கிய எழுத்துமுறை. இன்று கோயில் சுவரில் யாராவது கீறினால் நாம் கோபப்படுவோம், அது நியாயமும்கூட. ஆனால் இந்தப் பழைய கீறல்கள், தெய்வ உருவங்களின் அங்கிகளைக் குறுக்கே வெட்டிச் சென்றாலும், அந்த எழுத்து இவ்வூரில் புழங்கியதற்கு நம் கையில் இருக்கும் சான்றாக, ஓவியத்தோடு சேர்ந்தே சுவரில் நிற்கின்றன.