அது ஸ்கல்லியின் படம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் எக்ஸ்-ஃபைல்ஸ் ரசிகப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

2008இல் வெளிவந்த ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்: ஐ வான்ட் டு பிலீவ்’ திரைப்படம் காத்திருந்த ரசிகர்களை ஏமாற்றியதா, தொடரின் உயிரைக் காப்பாற்றியதா என்பது இன்றைய தலைப்பு. காப்பாற்றியது என்று வாதிடுவது என் பங்கு. அணி பிரித்தபோது எனக்கு ஒதுக்கப்பட்ட பக்கம் என்பதால் மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்தப் பக்கம் கிடைத்திருக்காவிட்டால் நான் இங்கே பேசவே வந்திருக்கமாட்டேன்.

எனக்கு முன் பேசிய அம்மையார் தம் கோபத்தை மிகத் தெளிவாக எடுத்துரைத்தார். 1993 செப்டம்பர் 10 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கி, 2002 மே 19 வரை ஒன்பது பருவங்களாக ஓடிய, முல்டர், ஸ்கல்லி என்ற இரு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் விளங்காத வழக்குகளைத் துப்பறியும் ஒரு தொடர், தன் கடைசி அத்தியாயத்தில் 2012 டிசம்பர் 22 அன்று வேற்றுக்கிரகவாசிகளின் படையெடுப்பு நிகழும் என்று நாள் குறித்துவிட்டு முடிந்தது. ஆறு ஆண்டுகள் கழித்துத் திரைக்கு வந்தபோது அந்த நாளைப் பற்றியோ, மனித உடலுக்குள் புகும் வேற்றுக்கிரகக் கறுப்பு எண்ணெயைப் பற்றியோ, அரசின் சதியைப் பற்றியோ வாய் திறக்காமல், பனியில் காணாமற்போன ஒரு பெண் அதிகாரியைத் தேடும் கதையைச் சொன்னது. “இதற்காகவா ஆறு ஆண்டுகள் காத்திருந்தோம்?” என்று அம்மையார் கேட்டார். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். முதன்முறை படம் பார்த்து முடித்தபோது நானும் இதே கேள்வியோடுதான் எழுந்தேன். இரண்டாம் முறை பார்த்தபோதுதான், முல்டரின் கேள்விக்கு விடை தேடிப் போய் உட்கார்ந்திருந்தேன் என்பதும், படம் முழுக்க ஸ்கல்லியின் கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதும் எனக்குப் புலப்பட்டன. என் வாதம் முழுவதும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது.

முல்டரின் கேள்வி எது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். சிறுவயதில் கண்ணெதிரே காணாமற்போன தங்கை சமந்தாவைக் கொண்டுபோனது யார் என்பதே அது. விண்கலம், சதி, மூடிமறைப்பு எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ஸ்கல்லியின் கேள்வி வேறு. அவர் மருத்துவர், சான்றில்லாமல் எதையும் ஏற்காதவர். அதே வேளையில் கழுத்தில் சிலுவையை அணிந்திருப்பவர். கண்ணால் காணாத ஒன்றை நம்புவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவருடைய கேள்வி. தொடர் பெரும்பாலும் முல்டரின் கேள்வியையே துரத்தியது. 1994 ஜனவரியில் ஒளிபரப்பான ‘பியாண்ட் த ஸீ’ போன்ற சில அத்தியாயங்களில் மட்டும் ஸ்கல்லியின் கேள்வி நடுவில் வந்து அமர்ந்தது. தந்தை இறந்த துயரத்தில் இருக்கும் ஸ்கல்லியிடம், மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஒரு கொலைகாரன் இறந்தோரின் குரல் தனக்குக் கேட்பதாகச் சொல்கிறான். அருவருப்பூட்டும் ஒருவனின் வாயிலிருந்து தான் ஏங்கும் சொல் வருமானால் அதை நம்பலாமா என்று அவர் தவிக்கிறார். முதல் பருவத்தின் மிகச் சிறந்த அத்தியாயங்களில் ஒன்றாக ரசிகர்கள் இன்றுவரை கொண்டாடும் கதை அது. அந்த ஒரு மணி நேரத்தில் விதைத்ததைத்தான் 2008இல் தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்டர் முழுநீளப் படமாக வளர்த்தார். விதையைக் கொண்டாடிய எதிரணி மரத்தை ஏன் வெட்டச் சொல்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

படத்தின் தொடக்கத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். வெள்ளைவெளேரென்ற பனிவெளியில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் கையில் கோலுடன் ஒரே வரிசையாக நடந்து வருகிறார்கள். ஒவ்வோர் அடிக்கும் பனியில் கோலைக் குத்திப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நரைத்த நீள்முடி காற்றில் பறக்க ஒரு முதியவர் தடுமாறி ஓடி, ஓரிடத்தில் மண்டியிட்டு வெறுங்கையால் பனியைத் தோண்டுகிறார். அங்கே வெட்டப்பட்ட ஒரு கை கிடைக்கிறது. அந்த முதியவர்தான் பாதிரியார் ஜோ. பில்லி கானலி நடித்த இந்தப் பாத்திரம் காட்சிகள் தோன்றும் ஞானி மட்டுமாக இருந்திருந்தால் படம் எளிதாக முடிந்திருக்கும். அவரோ தேவாலயத்தில் பூசைக்கு உதவும் முப்பத்தேழு பலிபீடச் சிறுவர்களிடம் பாலியல் கொடுமை புரிந்து தண்டனை பெற்றவர். முதல் சந்திப்பிலேயே ஸ்கல்லி அவரிடம் உம் ஜெபத்தைக் கடவுள் கேட்கிறார் என்று நினைக்கிறீரா என்று கேட்கிறார். உங்கள் ஜெபத்தைக் கேட்கிறாரா என்று அவர் திருப்பிக் கேட்க, அவர் செய்த பாவத்தின் எண்ணிக்கையையே பதிலாக முகத்தில் எறிகிறார் ஸ்கல்லி. பார்க்கும் நமக்கும் அந்த மனிதர் மீது இரக்கம் பிறப்பதில்லை. பிறக்கவும் கூடாது. பிறகு ஒருநாள் அதே மனிதர் ஸ்கல்லியைப் பார்த்து “விட்டுவிடாதே” என்று மட்டும் சொல்கிறார். ஏன் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை.

அந்தச் சொற்கள் ஸ்கல்லியை ஏன் உலுக்குகின்றன? எஃப்.பி.ஐ. வேலையை விட்டு ஒரு கத்தோலிக்க மருத்துவமனையில் மருத்துவராகப் பணிபுரியும் அவரிடம் கிறிஸ்டியன் என்ற சிறுவன் நோயாளியாக இருக்கிறான். அவனுக்கு வந்திருப்பது சாண்ட்ஹாஃப் நோய். உடலில் ஒரு நொதி இல்லாமற்போவதால் நரம்புச் செல்களில் கொழுப்பு சேர்ந்துகொண்டே போய் மூளையையும் தண்டுவடத்தையும் அழிக்கும் பரம்பரை நோய் அது. தீர்க்கும் மருந்து கிடையாது. மருத்துவமனையை நடத்தும் பாதிரியார், சிறுவனை அமைதியாக இறக்க விடுவதே நல்லது என்கிறார். ஸ்கல்லியோ வலி மிகுந்த, பலன் உறுதியில்லாத ஸ்டெம் செல் சிகிச்சையைத் தொடங்கிவிட்டார். பெற்றோரே ஒரு கட்டத்தில் தளர்ந்துபோகிறார்கள். இந்த நேரத்தில் “விட்டுவிடாதே” என்று ஒரு குரல் வருகிறது, வெறுக்கத்தக்க ஒரு வாயிலிருந்து. நம்பினால் அது எங்கிருந்து வந்தது என்பதையும் நம்ப வேண்டும். நம்பாவிட்டால் அந்தச் சிறுவனுக்காகத் தொடர்ந்து போராட அவரிடம் வேறு ஆதாரம் எதுவும் இல்லை. வானத்தில் நூறு விண்கலங்களைக் காட்டியிருந்தாலும் இந்த நெருக்கடிக்கு இணையான ஒன்றை அந்தப் படம் காட்டியிருக்க முடியாது என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

அந்தப் பெண் அதிகாரி காணாமற்போனதன் பின்னணியில் வரும் தலை மாற்று அறுவை என்னும் குற்றக்கதை அபத்தமாக இருந்தது என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னார். 1954இல் மாஸ்கோவில் விளாதிமிர் தெமிகோவ் என்ற அறுவை மருத்துவர் ஒரு நாயின் தலையையும் முன்னங்கால்களையும் மற்றொரு நாயின் கழுத்தில் பொருத்தி உலகையே அதிரவைத்தார். உறுப்பு மாற்று மருத்துவத்தின் முன்னோடிகளில் ஒருவராக அவர் இன்றும் மதிக்கப்படுகிறார். படத்தில் வரும் இருதலை நாய் அந்த வரலாற்றிலிருந்து வந்தது. அதைவிட முக்கியமானது, அந்தக் குற்றக்கதை ஸ்கல்லியின் கதைக்கு எதிரே பிடித்த கண்ணாடியாக இருப்பது. அங்கேயும் ஒருவன் தான் நேசிக்கும் உயிரைச் சாவுக்குக் கொடுக்க மறுக்கிறான். அங்கேயும் மருத்துவர்கள், ஊசிகள், பனிக்கட்டி நிரப்பிய தொட்டி. அவன் பிறர் உடலை வெட்டிக்கொண்டு வருகிறான்; ஸ்கல்லி ஒரு குழந்தையின் வலியைக் கடன் வாங்குகிறார். எல்லை எங்கே இருக்கிறது? மருத்துவமனைப் பாதிரியார் கேட்பதும் இதே கேள்விதான். அதனால்தான் அவரை வில்லனாக்கிவிட முடியவில்லை. இரண்டு கதைகளும் ஒட்டவில்லை என்று சொல்பவர்கள் தயவுசெய்து இந்தக் கோணத்தில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

குறைகளே இல்லை என்று சொல்லி இந்த அவையை ஏமாற்ற நான் விரும்பவில்லை. குற்றவாளிகள் இருவரையும் ஓரினத் தம்பதியாகக் காட்டியதும், அவர்களில் ஒருவன் பாதிரியார் ஜோவால் சிறுவயதில் கொடுமைக்குள்ளானவன் என்று வைத்ததும் தவறான பொருள் தரும் பிணைப்பு என்று அப்போதே பலர் கண்டித்தார்கள்; அந்தக் கண்டனம் நியாயமானது. எஃப்.பி.ஐ. அதிகாரி டிரம்மியின் பாத்திரத்தில் எதிர்ப்பு காட்டுவதைத் தவிர வேறொன்றும் எழுதப்படவில்லை. படப்பிடிப்பின் பெரும்பகுதி ஹாலிவுட் எழுத்தாளர்களின் வேலைநிறுத்தம் நடந்த மாதங்களில், 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலும் நடந்ததால், திரைக்கதையை இடையில் திருத்தவும் வழியிருக்கவில்லை. வசூலைப் பற்றியும் பேசினார்கள். 1998இல் வந்த முதல் படத்தின் செலவில் பாதிக்கும் குறைவாக, சுமார் 3 கோடி டாலரில் எடுத்த படத்தை, பேட்மேன் படமான ‘த டார்க் நைட்’ வெளியான மறுவாரமே திரைக்குக் கொண்டுவந்தது விநியோகத்தின் பிழை. அதைக் கதையின் தலையில் சுமத்தலாகாது.

முல்டர், ஸ்கல்லி உறவு குறித்த வருத்தத்திற்கு மட்டும் கொஞ்சம் நேரம் கேட்கிறேன். இந்த ரசிகர் கூட்டம் பிளவுபட்டது 2008இல் அல்ல. இருவரும் இணைய வேண்டும் என்று ஏங்கியவர்களுக்கு ‘ஷிப்பர்’ என்றும், வேண்டாம் என்றவர்களுக்கு ‘நோரோமோ’ என்றும் தொண்ணூறுகளிலேயே பெயர் வைத்துக்கொண்டு சண்டையிட்டவர்கள் நாம். இன்று உலகம் முழுவதும் எல்லாத் தொடர்களின் ரசிகர்களும் பயன்படுத்தும் அந்த முதற்சொல் பரவியதே நம்மிடமிருந்துதான். அப்படியிருக்க, இணைந்த பிறகான வாழ்வைக் காட்டியபோது ஒரு தரப்பு “காதல் எங்கே?” என்றது, மறுதரப்பு “காதல் எதற்கு?” என்றது. படம் காட்டியது முத்தக்காட்சியைவிட அரியது. தாடி வளர்த்து, ஒதுக்குப்புற வீட்டின் ஓர் அறைக்குள் செய்தித்தாளைக் கத்தரித்துக்கொண்டிருக்கும் ஒருவர். நாள் முழுவதும் நோயுற்ற குழந்தைகளைப் பார்த்துவிட்டு அந்த வீட்டுக்குத் திரும்பும் இன்னொருவர். நள்ளிரவில் தூக்கம் வராமல் இருவரும் படுக்கையில் கிடந்து, ஒன்பதாம் பருவத்தில் தத்துக் கொடுத்துவிட்ட மகன் வில்லியம் விட்டுச்சென்ற வெறுமையைப் பற்றி மெல்லிய குரலில் பேசிக்கொள்கிறார்கள். கிறிஸ்டியனை ஸ்கல்லி ஏன் விடமுடியாமல் பிடித்திருக்கிறார் என்பது அந்த இடத்தில் நமக்குப் புரிந்துவிடுகிறது. முல்டர் மீண்டும் இருளைத் துரத்தத் தொடங்கும்போது, அந்த இருளை இந்த வீட்டுக்குள் கொண்டுவராதே என்று ஸ்கல்லி மன்றாடுகிறார். பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்த இருவருக்கிடையேதான் இப்படிப்பட்ட பேச்சு நடக்கும். ஷிப்பர்கள் ஒன்பது ஆண்டுகள் கேட்டது இந்த வாழ்வைத்தான் என்று நான் நினைக்கிறேன். அது இவ்வளவு களைத்துப்போய் வந்து நின்றதால் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

எதிரணி கேட்ட படம் எடுக்கப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை, நடுவர் அவர்களே. 2016இல் தொடர் ஆறு அத்தியாயங்களோடு மீண்டும் வந்தபோது அவர்கள் கேட்டதெல்லாம் கிடைத்தது. சதி வந்தது, வேற்றுக்கிரகத் தொழில்நுட்பம் வந்தது, இறந்துவிட்டதாக நினைத்த சதிகார வில்லன், புகைபிடிக்கும் மனிதரும் உயிரோடு வந்தார். அந்தப் பருவத்தில் ரசிகர்களும் விமரிசகர்களும் பெருமளவில் மனம் திறந்து பாராட்டியது எதை? டாரின் மார்கன் எழுதி இயக்கிய மூன்றாவது அத்தியாயத்தை. சதிக்கும் படையெடுப்புக்கும் சம்பந்தமே இல்லாத, ஒரு விசித்திர உயிரியைப் பற்றிய தனிக்கதை அது. சதிக்கதையை முன்னெடுத்த தொடக்க அத்தியாயமும் இறுதி அத்தியாயமும்தான் அதிக வசை வாங்கின. 2018இல் பதினொன்றாம் பருவம் முடிந்தபோதும் அந்த முடிச்சு அவிழவில்லை. பதில் சொல்லித் தீராத அந்தப் புதிரை 2008இல் தொடாமல் விட்டது படத்தின் கோழைத்தனம் என்று அம்மையார் சொன்னார். தொட்டபோது என்ன நேர்ந்தது என்பதைப் பார்த்த பிறகும் அந்தச் சொல்லை அவர் திரும்பப் பெற்றுக்கொள்ள மாட்டாரா என்று பணிவோடு கேட்கிறேன்.

படத்தின் பெயரையும் எதிரணியினர் குற்றம் சொன்னார்கள். முல்டரின் நிலவறை அலுவலகத்தில் முதல் அத்தியாயத்திலிருந்தே தொங்கிய சுவரொட்டியின் வாசகம் அது. பறக்கும் தட்டின் படத்துக்குக் கீழே எழுதியிருந்த வாசகத்தைத் தலைப்பாக வைத்துவிட்டுப் பறக்கும் தட்டே இல்லாமல் படம் எடுக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. வாசகத்தைக் கூர்ந்து படியுங்கள். “நம்புகிறேன்” என்று அதில் எழுதவில்லை; “நம்ப விரும்புகிறேன்” என்று எழுதியிருக்கிறது. நம்பிக்கை கைவசம் உள்ளவர் இப்படிச் சொல்லமாட்டார். இல்லாதவர், அதன் வாசலில் நிற்பவர் சொல்லும் வாக்கியம் இது. முல்டரின் சுவரில் தொங்கியிருந்தாலும் தொடர் முழுவதும் அது ஸ்கல்லியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

மணி ஒலித்துவிட்டது, இன்னும் ஒரே ஒரு காட்சியைச் சொல்லிவிட்டு அமர்கிறேன். அறுவை அன்று காலை ஸ்கல்லி தயங்குகிறார். சந்தேகம் இருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடு, இருளின் கை எட்டாத இடத்துக்கு நாம் போய்விடலாம் என்று முல்டர் சொல்கிறார். ஸ்கல்லி உள்ளே செல்கிறார். அறுவை அரங்கில் சிறுவன் படுத்திருக்கிறான், கன்னியாஸ்திரீகள் நின்று பார்க்கிறார்கள், ஸ்கல்லி பணியைத் தொடங்குகிறார், படம் முடிந்துவிடுகிறது. சிறுவன் பிழைத்தானா என்று சொல்லவில்லை. பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்கியதும் நான் இருந்த அரங்கில் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். பனிக்கட்டியின் மேல் ஓடிய பெயர்கள் மெல்ல மெல்ல நீலக் கடலின் மேல் ஓடுகின்றன. கடலில் ஒரு சிறு படகு; முல்டர் துடுப்புப் போடுகிறார், எதிரே ஸ்கல்லி அமர்ந்திருக்கிறார். இருவரும் தலை நிமிர்ந்து, மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் நம்மை நோக்கிக் கையசைக்கிறார்கள்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.