அடி பெரிதாகட்டும்: பார்க்கின்சன் நோயும் உடற்பயிற்சியும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

வடசென்னையில் இயன்முறை மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம், பார்க்கின்சன் நோய் உள்ளவர்களின் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "தினமும் காலையில் ராபின்சன் பூங்காவில் நடக்க வைக்கிறோமே, அது போதாதா?" என்பார்கள். நடப்பது நல்லதுதான்; விட்டுவிட வேண்டாம். ஆனால் இந்த நோய்க்கு அது மட்டும் போதாது. ஏன் போதாது, வேறு எப்படிப்பட்ட பயிற்சி வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

லண்டனில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன், 1817ஆம் ஆண்டில், நடுக்கமும் முன்குனிந்த நடையும் கொண்ட ஆறு பேரைப் பற்றி எழுதிய சிறு நூலிலிருந்துதான் இந்த நோய்க்கு அவர் பெயர் வந்தது. அந்த ஆறு பேரில் சிலர் அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களே அல்லர், தெருவில் அவர் கண்ணில் பட்டவர்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. நடையைப் பார்த்தே நோயை அடையாளம் காணும் அளவுக்கு அது தனித்தன்மை கொண்டது. நம் ஊரில் இதை நடுக்குவாதம் என்று சொல்வதால், கை நடுங்கினால்தான் இந்த நோய் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நடுக்கமே இல்லாத நோயாளிகளும் இருக்கிறார்கள். நடுக்கம் இருப்பவர்களுக்கும்கூட அன்றாட வாழ்க்கையை முடக்குவது பெரும்பாலும் அதுவன்று. அசைவுகள் மெதுவாவதும், சிறுத்துப்போவதும், உடல் இறுகுவதும், நிலைதடுமாறுவதும்தான் அவர்களை வீட்டுக்குள் உட்கார வைக்கின்றன.

மூளையின் அடிப்பகுதியில், வெட்டிப் பார்த்தால் கருமையாகத் தெரியும் ஒரு சிறு பகுதி இருக்கிறது. டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் அங்கே உள்ளன. அவை படிப்படியாக அழிவதுதான் நோயின் அடிப்படை. டோபமைன் குறையும்போது நாம் எண்ணிப் பார்க்காமலே செய்யும் செயல்கள்தான் முதலில் கெடுகின்றன. நடக்கும்போது கைகள் தாமாக வீசுவது, நாற்காலியிலிருந்து எழும்போது உடல் தானாக முன்னுக்குச் சாய்வது, படுக்கையில் புரண்டு படுப்பது, பேசும்போது குரல் தேவையான அளவுக்கு உயர்வது ஆகியவற்றுக்கு நாம் கட்டளையிடுவதில்லை. அந்தத் தானியங்கித் திறன்தான் குறைந்துபோகிறது. தசையின் வலு அந்த அளவுக்குப் போய்விடுவதில்லை. இதைப் புரிந்துகொண்டால், வழக்கமான உடற்பயிற்சிக்கும் இந்த நோய்க்கென வகுத்த பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

என்னிடம் வரும் ஒருவர் துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்கி ஓய்வு பெற்றவர். இன்றும் கை கொடுத்தால் நம் விரல் நோகும். ஆனால் சட்டைப் பொத்தான் போடுவதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். நடந்தால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே ஒரு சாண்கூட இருக்காது. கால் தரையைத் தேய்த்துக்கொண்டே போகும். காலை உயர்த்தி, குதிகால் முதலில் பட, நீளமாக எட்டு வையுங்கள் என்று சொல்லி நடக்க வைத்தேன். நான்கு அடி வைத்ததும் நின்றுவிட்டார். "இப்படி நடந்தா தெருவுல ஜனங்க சிரிப்பாங்க சார், மிலிட்டரி மாதிரி இருக்கு" என்றார். அவர் நடந்ததைக் கைப்பேசியில் பதிவு செய்து அவரிடமே காட்டினேன். பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அதில் இருந்தது மிலிட்டரி நடை அன்று; எல்லோரும் நடக்கும் சாதாரண நடை.

இந்த நோயின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. அசைவு சிறுத்துப்போவதோடு, அது சிறுத்திருக்கிறது என்ற உணர்வும் போய்விடுகிறது. தேய்ந்த படிக்கல்லை வைத்துக்கொண்டே நிறுக்கும் கடைக்காரரைப் போல, மூளை தன் அளவு சரியென்றே நம்பிக்கொண்டிருக்கிறது. "என்னங்க, கொஞ்சம் சத்தமாப் பேசுங்க" என்று மனைவி சொன்னால், "கத்திக்கிட்டுத்தானே இருக்கேன், உனக்குத்தான் காது கேக்கல" என்று கணவர் பதில் சொல்லும் வீடுகள் எத்தனையோ! இருவர் சொல்வதும் அவரவர் அளவில் உண்மைதான். எனவே நாங்கள் கொடுக்கும் பயிற்சி தசையை வளர்ப்பதற்கு மட்டுமானதன்று. அளவையே மறுபடி கற்றுக்கொடுப்பதற்கானது.

அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில், பார்க்கின்சன் நோய் இருந்த லீ சில்வர்மன் என்ற பெண்மணியின் குடும்பத்தார் அவருடைய பேச்சு மற்றவர்களுக்குக் கேட்க வேண்டும் என்று விரும்பியதிலிருந்து ஒரு குரல் பயிற்சி முறை உருவாயிற்று. பல குறிப்புகளைச் சொல்லிக் குழப்பாமல், "சத்தமாக" என்ற ஒரே குறிப்பை வைத்துக்கொண்டு தீவிரமாகப் பழக்குவது அதன் வழி. பின்னர் அதே கருத்தை உடலசைவுக்கும் கொண்டுவந்தார்கள்; அங்கே ஒரே குறிப்பு, "பெரிதாக" என்பது. வாரத்துக்கு 4 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், 4 வாரம், ஆக 16 அமர்வுகள். அதற்குமேல் வீட்டிலும் தினசரிப் பயிற்சி உண்டு. பெர்லின் நகரில் நடந்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இந்தப் பெரிய அசைவுப் பயிற்சி பெற்றவர்களையும், இரு கைகளிலும் கோல் ஊன்றி வேகமாக நடந்தவர்களையும், வீட்டிலேயே தாமாகப் பயிற்சி செய்தவர்களையும் ஒப்பிட்டார்கள். முதல் குழுவினரிடம் இயக்கக் குறைபாடு தெளிவாகக் குறைந்தது. மற்ற இரு குழுவினரிடமும் அப்படிப்பட்ட முன்னேற்றம் தென்படவில்லை. பூங்காவில் நடப்பது மட்டும் போதாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அசைவின் அளவு ஒரு பக்கம் என்றால், உழைப்பின் கடுமை இன்னொரு பக்கம். நோய் தொடங்கி, இன்னும் மருந்து எடுக்கத் தொடங்காத 128 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் இதயத் துடிப்பு தம் உச்ச அளவில் 80 முதல் 85 விழுக்காடு வரை உயரும்படி டிரெட்மில்லில் வேகமாக நடந்தார்கள். இன்னொரு பகுதியினர் 60 முதல் 65 விழுக்காட்டு அளவில் மிதமாக நடந்தார்கள். மூன்றாம் பகுதியினர் தம் வழக்கப்படி இருந்தார்கள். ஆறு மாதத்தில், வழக்கப்படி இருந்தவர்களின் குறைபாட்டு மதிப்பெண் சுமார் 3 புள்ளிகள் கூடியது; அது கூடினால் நிலை மோசமாகிறது என்று பொருள். கடுமையாக உழைத்தவர்களிடம் அது ஏறக்குறைய மாறவே இல்லை. மிதமாக நடந்தவர்கள் நிலை இரண்டுக்கும் இடையில் இருந்தது. நெதர்லாந்தில் 130 பேர் தம் வீட்டிலேயே நிலைச் சைக்கிள் மிதித்த இன்னோர் ஆய்வும் 2019இல் வெளிவந்து, இதே திசையைத்தான் காட்டியது. இவற்றைக் கொண்டு, உடற்பயிற்சி நோயையே தடுத்து நிறுத்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி நிரூபிக்கப்படவில்லை. டோபமைன் குறைவை ஈடுசெய்யத் தரும் லெவோடோபா மாத்திரைக்குப் பதிலாகப் பயிற்சி என்ற பேச்சுக்கும் இடமில்லை. இரண்டும் சேர்ந்தே வேலை செய்கின்றன.

கடுமை என்றால் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளக் கையில் கருவி கட்ட வேண்டியதில்லை. பேச முடிந்து, பாட முடியாமல் போனால் அது மிதமான உழைப்பு. நாலைந்து சொல்லுக்கு மேல் மூச்சு இடம் கொடுக்கவில்லை என்றால் கடும் உழைப்பு. பலரும் பூங்காவில் அரசியல் பேசிக்கொண்டே நடப்பது இந்த இரண்டிலும் சேராது.

இனி, கால் தரையோடு ஒட்டிக்கொள்வதைப் பற்றிச் சொல்ல வேண்டும். நன்றாக நடந்து வந்தவர், வாசற்படி அருகே வந்ததும், கால் பசை போட்டது போல் நின்றுவிடுவார். பழைய வண்ணாரப்பேட்டை, இராயபுரம் பகுதிகளின் ஒட்டுக்குடித்தன வீடுகளில் நிலைப்படிகள் குறுகல். நடைபாதையில் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக நிற்கும். ஆகவே இந்தத் தொல்லை இங்கே கூடுதலாகவே தெரிகிறது. அந்த நேரத்தில் வீட்டார் கையைப் பிடித்து இழுப்பது மிகவும் தவறு; உடல் முன்னே வரும், கால் வராது, விழுந்துவிடுவார். நின்றுவிட வேண்டும், நிமிர வேண்டும், உடல் எடையை இடம் வலமாக இரண்டு முறை மாற்ற வேண்டும், பிறகு ஒரே ஒரு பெரிய அடி வைக்க வேண்டும். அதோடு, தொல்லை தரும் அந்த வாசலுக்கு முன் தரையில், ஓர் அடி வைக்கும் தொலைவுக்கு ஒன்றாக, பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுங்கள். கோட்டைத் தாண்டி வையுங்கள் என்றால், ஒட்டியிருந்த கால் எழுந்துவிடுவதை வீட்டார் கண்ணெதிரே பார்ப்பார்கள். தானாக ஓடும் வழி பழுதாகியிருந்தாலும், கண்ணால் பார்த்து, கருத்து வைத்துச் செய்யும் வழி மூளையில் இன்னும் திறந்தே இருக்கிறது என்பதுதான் இதன் விளக்கம். நெதர்லாந்தில், சில அடிகூட ஒழுங்காக நடக்க முடியாத ஒருவர், தெருவில் சர்வசாதாரணமாகச் சைக்கிள் ஓட்டிச் சென்றதை 2010இல் மருத்துவர்கள் பதிவு செய்து வெளியிட்டார்கள். நடையைத் தொலைத்தவருக்கு எல்லா அசைவும் தொலைந்துவிடவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

காதால் கேட்கும் தாளமும் இப்படியே உதவும். அவருடைய இயல்பான நடை வேகத்தைவிடச் சற்றே விரைவான தாளத்துக்கு அடி வைக்கச் சொல்வோம். தாளம் எழுப்பும் கருவி வேண்டும் என்பதில்லை. நம் பகுதியில் கானாவுக்குப் பஞ்சமா என்ன? தாளம் சீராக இருந்தால் சரி.

குத்துச்சண்டையைச் சொல்லாமல் வடசென்னையில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் அரசு வழக்கறிஞராக இருந்த ஸ்காட் நியூமன், 40 வயதிலேயே இந்த நோய்க்கு ஆளானவர். 2006ஆம் ஆண்டில் அவர் தொடங்கிவைத்த பயிற்சிக்கூடத்தில் நோயாளிகள் கையுறை மாட்டிக்கொண்டு மூட்டையைக் குத்துகிறார்கள். எதிரே ஆள் கிடையாது. யாரும் யாரையும் அடிப்பதில்லை. கை முழுதாக நீளுவது, இடுப்பு திரும்புவது, கால் இடம் மாறுவது, எண்ணிக்கையை உரக்கச் சொல்வது ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் நடப்பதால் இந்த நோய்க்கு அது பொருத்தமாக அமைகிறது. நடைப்பயிற்சிக்கும் சைக்கிளுக்கும் இருக்கும் அளவுக்கு ஆய்வுச் சான்றுகள் இதற்கு இன்னும் சேரவில்லை என்றாலும், பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டையைக் கொண்டாடிய மண்ணில், எழுபது வயதுக்காரரைக்கூட அந்த மூட்டை எழுப்பிவிடும் என்பது என் அனுபவம். "கையைக் காலை நீட்டுங்கள்" என்றால் அலுத்துக்கொள்ளும் பெரியவர், "ஒரு குத்து விடுங்க பார்க்கலாம்" என்றால் விடுகிறார். ஆனால் நிலைதடுமாற்றம் உள்ளவர்கள் இயன்முறை மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் இதைத் தொடங்கக் கூடாது.

வீட்டாரிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அன்பின் பெயரால் அவர்கள் நோயாளியின் வேலைகளை எல்லாம் தாங்களே செய்துவிடுகிறார்கள். பொத்தான் போட்டுவிடுகிறார்கள், சோறு பிசைந்து ஊட்டுகிறார்கள், "நீ எழுந்துக்காதப்பா, நான் எடுத்துத் தரேன்" என்கிறார்கள். பத்து நிமிடம் ஆனாலும் பொத்தானை அவரே போடட்டும். வெளியே கிளம்பும் நேரத்தை நீங்கள் பத்து நிமிடம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பொத்தானைத் தொடுவதற்கு முன் பத்து விரல்களையும் அகல விரித்து உதறச் சொல்லுங்கள். அதுவே ஒரு பயிற்சி. நாற்காலியிலிருந்து எழும்போது பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, மூக்கு முழங்காலைத் தாண்டும்படி முன்னே சாய்ந்து எழச் சொல்லுங்கள். திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல், பெரிய வளைவாக நடந்து திரும்பச் சொல்லுங்கள்; விழுவது பெரும்பாலும் திரும்பும் இடத்தில்தான். தொடக்கத்தில், நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கையில் காபி தம்ளரும் கொடுக்காதீர்கள். நடை உறுதிப்பட்ட பிறகு, பேசிக்கொண்டே நடப்பதையும் தம்ளரோடு நடப்பதையும் தனிப் பயிற்சியாக நாங்களே சேர்ப்போம்.

ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் நரம்பியல் பிரிவும் இயன்முறை சிகிச்சைப் பிரிவும் இருக்கின்றன. மாத்திரைச் சீட்டு வாங்கியதோடு திரும்பிவிடாமல், பயிற்சிக்கும் எழுதித் தாருங்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். நோய் முற்றிய பிறகு வருவதைவிட, கண்டறிந்த முதல் மாதத்திலேயே வருவது நல்லது. அப்போதுதான் கடுமையாக உழைக்க உடல் இடம் கொடுக்கும். இதய நோயோ சர்க்கரையோ இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இந்த நோயில் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றுவது உண்டு. நம் ஊரின் புழுக்கத்தில் அது இன்னும் கூடும் என்பதால், வெயிலுக்கு முன் பயிற்சியை முடித்துக்கொள்வதும் தண்ணீர் குடிப்பதும் அவசியம். மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் செய்தால்தான் பயிற்சி பலிக்கும். அந்த நேரம் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே முதல்முறை வரும்போது, மாத்திரை சாப்பிட்ட நேரம், உடல் இலகுவான நேரம், மறுபடி இறுகிய நேரம் ஆகிய மூன்றையும் ஒரு வாரத்துக்கு நோட்டில் குறித்து எடுத்து வாருங்கள். பயிற்சியை எத்தனை மணிக்கு வைப்பது என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.

வணக்கம்.