நடக்காமல் போன சாவுக்கு யார் மாலை போடுவது?

நடுவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு அல்சூர் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கும் பெங்களூருத் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மனநலத்திலும் உறக்க அறிவியலிலும் பாடுபடும் ஆய்வாளர்களுக்கு விருது கொடுத்துக் கொண்டாட வேண்டுமா, அந்தப் பணத்தை நேரே நோயாளிகளுக்குச் செலவழிக்க வேண்டுமா என்பது தலைப்பு. கொண்டாடியே ஆக வேண்டும் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் மனநலச் சிக்கலோடு இருக்கிறார்கள், பெரும்பாலோருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை, இந்த நிலைமையில் சால்வையும் கேடயமும் எதற்கு என்றார். அப்புறம், மனநோயைத் தீர்க்கிறேன் என்று மூளையை அறுத்தவருக்கே நோபல் கொடுத்த உலகம் இது, விருதை எப்படி நம்புவது என்றார். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்பா இந்த ஊரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர். அவர் விடும் குறட்டை பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், அம்மாவோ "அசந்து தூங்குறார், எழுப்பாதீங்க" என்று எங்களை அதட்டுவாள், ஏனென்றால் குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்றுதானே நம் வீடுகளில் காலம் காலமாகச் சொல்லி வருகிறோம். ஆனால் பகலில் சாப்பிடும்போதே கண் சொக்கும். ஒரு நாள் சிக்னலில் ஸ்கூட்டர் மேலேயே தூங்கிவிட்டார், பின்னால் நின்றவர்தான் இறங்கி வந்து தட்டி எழுப்பியிருக்கிறார். இரண்டு வருஷம் ஒரு மருத்துவர் சத்து மாத்திரை மட்டும் எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருவர் இரவு முழுக்க ஒயர் மாட்டிப் பரிசோதனை செய்தார். தூக்கத்தில் அப்பாவுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, அந்தக் குறட்டை உடம்பு காற்றுக்குப் போராடும் சத்தம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அம்மா அன்றைக்கு அழுததை நான் மறக்கவே மாட்டேன்.

இப்போது அப்பா மூக்கில் மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்குகிறார். சிட்னியில் காலின் சல்லிவன் என்கிற மருத்துவர் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்து மூக்கு வழியாகக் காற்றை ஊதி, தொண்டை அடைபடாமல் பார்த்துக்கொண்டு, ஐந்தே ஐந்து நோயாளிகளிடம் சோதித்து, 1981இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு அது. மாஸ்க் கம்பெனியின் பெயர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், சல்லிவன் பெயர் ஒருவருக்கும் தெரியாது. இந்த உரைக்காகத் தேடினபோதுதான் எனக்கே தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

நடுவர் அவர்களே, என் வாதமே இங்கேதான் இருக்கிறது. இதய ஆபரேஷன் செய்தவருக்கு நோயாளி பழத்தட்டோடு வந்து நன்றி சொல்கிறார். மனநல ஆய்வில் ஜெயித்தால் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஒரு சாவு நடக்காமல் போயிருக்கும், ஒரு இரவு அமைதியாகக் கழிந்திருக்கும், பிழைத்தவருக்கே தான் பிழைத்தது தெரியாது. சென்னையில் 1986இல் தற்கொலைத் தடுப்புக்காகச் சிநேகா அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரை எடுத்துக்கொள்ளுங்கள். விவசாயி வீட்டில் கைக்கு எட்டும் இடத்தில் பூச்சிமருந்து இருப்பதுதான் ஆபத்து, சண்டை போட்ட அந்தப் பத்து நிமிஷ ஆத்திரத்தில் கை அங்கே போகிறது என்பதைக் கவனித்து, தமிழ்நாட்டுக் கிராமங்களில் பொதுவாக ஒரு கிடங்கு வைத்து, பூட்டுப் போட்ட பெட்டிகளில் மருந்தைச் சேமிக்கச் சொல்லி அவரும் அவருடைய குழுவும் ஆய்வு செய்தார்கள். கிடங்கு இருந்த இடத்தில் மருந்து குடித்துச் சாவது குறைந்தது. மருந்து வயலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும், சமையலறைக்குப் பக்கத்தில் வேண்டாம், அவ்வளவுதான் யோசனை. அதனால் யார் பிழைத்தார் என்று கேட்டால் ஒரு பெயர்கூடச் சொல்ல முடியாது. மாலை போட ஆளே வராத வேலைக்கு ஊர் கூடித்தான் மாலை போட வேண்டும்.

சரி, எதிரணியின் புள்ளிவிவரத்துக்கு வருகிறேன். நூற்றுக்குப் பத்து என்று சொன்னாரே, சரியாகச் சொன்னால் 10.6 சதவீதம், அது எங்கிருந்து வந்தது? இங்கே ஓசூர் ரோட்டில் இருக்கும் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் தலைமையில் 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பிலிருந்து. 12 மாநிலங்களில், 34,000க்கும் மேற்பட்ட பெரியவர்களை நேரில் பார்த்து எடுத்த கணக்கு அது. நினைத்துப் பாருங்கள், முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று "உங்களுக்குச் செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா" என்று கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பொறுமையாகப் பதிலை வாங்க வேண்டும். சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்குத் தகுந்தபடி 70 முதல் 92 சதவீதம் வரை என்று அந்த ஆய்வுதான் சொன்னது. எத்தனை படுக்கை வேண்டும், எங்கே வேண்டும் என்று எதிரணி கணக்குப் போடுவதே அந்த வாசல்களில் நின்றவர்கள் தந்த எண்ணை வைத்துத்தான். அவர்களில் ஒருவர் பெயரையாவது அவர் சொன்னாரா? எனக்கும் தெரியாது, அதனால்தான் கேட்கிறேன். பேராசிரியர்களுக்கு மட்டும் விருது என்றால் நானே எதிர்ப்பேன், வெயிலில் நடந்த அந்தக் களப்பணியாளர்களையும் மேடை ஏற்ற வேண்டும்.

மூளையை அறுத்தவர் எகாஸ் மோனிஸ். 1935இல் அந்த அறுவைச் சிகிச்சையைத் தொடங்கி 1949இல் நோபல் வாங்கினார், எத்தனையோ பேர் அதனால் நடைப்பிணம் ஆனார்கள், எதிரணி சொன்னதில் பொய்யே இல்லை. ஆனால் அதே 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்கிற மருத்துவர், புழக்கமில்லாத ஒரு சமையலறையை ஆய்வுக்கூடமாக வைத்துக்கொண்டு, லித்தியம் உப்பு மனக்கொந்தளிப்பை அடக்கும் என்று எழுதினார். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்றைக்கும் கொடுக்கிறார்கள், எத்தனையோ குடும்பங்கள் அந்த மாத்திரையால் நிற்கின்றன. அவருக்கு நோபல் கிடைக்கவில்லை. இதிலிருந்து நான் புரிந்துகொள்வது, தேர்ந்தெடுத்தவர்கள் நோயாளிகளையும் அவர்கள் வீட்டாரையும் கேட்கவில்லை என்பது. கேட்டிருந்தால் மோனிஸுக்குக் கிடைத்திருக்காது. விருதுக் குழுவில் நோயோடு வாழ்ந்தவர்கள் உட்காரட்டும், எதிரணியின் பயத்துக்கு அதுதான் மருந்து.

இன்னொன்று, பாராட்டு காலத்தோடு வர வேண்டும். பழ ஈயை வைத்து தூக்கத்தையும் விழிப்பையும் நடத்தும் உடலின் நாள் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று காட்டியதற்காக 2017இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் ஜெஃப்ரி ஹால். அந்தப் பரிசு வருவதற்குப் பல வருஷம் முன்பே ஆய்வுக்குப் பணம் கிடைக்காமல் ஆய்வுக்கூடத்தை விட்டே போய்விட்டார். நம் ஊரில் அதே நாள் கடிகாரத்தை ஆராய்ந்த பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் இருந்தார். மதுரைப் பக்கத்துக் குகையில், வெளிச்சமே எட்டாத இருட்டில் கூண்டில் வைத்த வௌவால்கள், கூட்டமாகப் போய்வரும் மற்ற வௌவால்களின் நடமாட்டத்தை வைத்தே நேரம் பிசகாமல் இருப்பதை அவருடைய குழு கண்டுபிடித்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், கடிகாரமும் சூரியனும் தெரியாத அறையில் மனிதர்களையே தங்கவைத்து ஆராய்ந்தார். அப்புறம் இங்கே ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு அறிவியல் ஆய்வு மையத்துக்கு வந்தார். எலக்ட்ரானிக் சிட்டியில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு விடியற்காலை கேப்பில் தூங்கி விழும் நம் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியுமா?

கடைசியாக, கீழ்ப்பாக்கம். இந்தச் சொல்லைத் தமிழர்கள் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று உங்களுக்கே தெரியும், பெங்களூருக்கு வந்த பிறகு அந்த இடத்தில் நிம்ஹான்ஸ் என்று மாற்றிக்கொண்டோம். அந்தக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை நடத்தியவர் டாக்டர் சாரதா மேனன், மனநல மருத்துவத்தை இதே பெங்களூரில் படித்தவர், 1984இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கியவர், 1992இல் பத்மபூஷண் பெற்றவர். நாம் வசவாக வைத்திருந்த ஊர்ப்பெயரிலிருந்து ஒரு பெண் குடியரசுத் தலைவர் கையால் விருது வாங்கினார். அந்தச் செய்தி எத்தனை வீடுகளில் வாயை அடைத்திருக்கும்!

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், என் அக்கா மகள் எம்பிபிஎஸ் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு மனநலம்தான் எடுப்பேன் என்கிறாள். ரேடியாலஜி எடு, ஸ்கின் எடு, பைத்தியக்கார டாக்டர் என்று சொல்வார்கள், மாப்பிள்ளை கிடைக்காது என்று அக்கா இரண்டு மாதமாக அவளோடு பேசுவதில்லை. இரண்டு பேரும் இன்றைக்கு இதே அரங்கத்தில், தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவர் அவர்களே, நீங்கள் தீர்ப்புச் சொல்லும்போது அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள்.