"மறைந்த முத்துக்கள்" லிஸ்ட்ல "கண்ணே கலைமானே" எதுக்குங்க? | நிஜமாவே கேக்காம விட்ட பாட்டுங்க

வணக்கம் மக்களே! இந்த வாரம் ஹெட்போன் வீடியோ வரும்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். ஏன்னா நீங்க எல்லாரும் ஒரு பிளேலிஸ்டை மாத்தி மாத்தி எனக்கு அனுப்பிட்டே இருக்கீங்க. பேரு "மறைந்த முத்துக்கள்". திறந்தா முதல் பாட்டே "கண்ணே கலைமானே". அடுத்தது "சின்னக் கண்ணன் அழைக்கிறான்". இதுல எதுங்க மறைஞ்சிருக்கு? ஊர்ல எந்தக் கச்சேரி மேடையில இதைப் பாடல? எந்த டிவி பாட்டுப் போட்டியில வரல? உண்மையிலேயே எரிச்சலா இருக்கு. ஏன்னா இந்தப் பேரைப் பாத்துட்டு உள்ள போறவங்க, கேக்காத பாட்டு இனிமே எதுவும் இல்லைன்னு நினைச்சுட்டு வந்துடுவாங்க.

சரி, அந்த ரெண்டு பாட்டையே கையில வச்சுக்குவோம். ரெண்டுக்கும் பக்கத்துலயே ஒரு பாட்டு கவனிக்கப்படாம நிக்குது.

"சின்னக் கண்ணன்" 1977, "கவிக்குயில்" படம், பாலமுரளி சார் பாடினது, ரீதிகௌளை ராகம். "முதல்வன்" படத்துல "அழகான ராட்சசியே", 1999, அதே ராகம். "சுப்ரமணியபுரம்" படத்துல "கண்கள் இரண்டால்", 2008, அதுவும் ரீதிகௌளைதான். மூணுமே ஹிட்டு. இதுக்கு நடுவுல 1983-ல ஒண்ணு வந்துச்சு. "தலையைக் குனியும் தாமரையே". படம் "ஒரு ஓடை நதியாகிறது". எஸ்.பி.பி.யும் எஸ். ராஜேஸ்வரியும் பாடினது, இசை இளையராஜா. ஸ்ரீதர் இயக்கின படம்ங்க அது! அந்தப் படத்துப் பேரைச் சொன்னாலே ஜனங்க "தென்றல் என்னை முத்தமிட்டது"ன்னு பாட ஆரம்பிச்சுடுவாங்க. அதுவும் அருமையான பாட்டுதான், எனக்குச் சண்டையே இல்ல. ஆனா ஒரே படத்துல ஒரு பாட்டு மேல ஏறிட்டா, பக்கத்துல இருக்கற பாட்டு அப்படியே கீழ நின்னுடுது. பாட்டு காணாமப் போறதுக்கு நான் அதிகமா பாக்கற காரணம் இதுதான்.

இதை எப்படிக் கேக்கணும்னு சொல்றேன், கீபோர்டு இருக்கறவங்க எடுத்துக்கோங்க. சி கட்டையை ஸட்ஜமா, அதாவது "ஸ"வா வைங்க. ஏறும்போது சி, ஈ ஃப்ளாட், டி, ஈ ஃப்ளாட், எஃப். அதாவது ஸ க ரி க ம. நேரா ஏறக் கூடாது, காந்தாரத்துக்கு (க) போயிட்டு ரிஷபத்துக்கு (ரி) திரும்பி வரணும். அப்புறம் பி ஃப்ளாட், ஏ, எஃப், பி ஃப்ளாட், பி ஃப்ளாட், மேல் சி. நி த ம நி நி ஸ. நிஷாதம் (நி) ரெண்டு தடவை அடுத்தடுத்து வருது பாருங்க, அங்கதான் இந்த ராகத்தோட மொத்த அழகும். ஏறும்போது பஞ்சமமே (ப) கிடையாது. இறங்கும்போது ஸ நி த ம க ம ப ம க ரி ஸ, பஞ்சமம் அங்க மட்டும் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிடும். நிறைய பேர் எங்க தப்பு பண்றாங்கன்னா, சி, டி, ஈ ஃப்ளாட், எஃப்னு வரிசையா வாசிச்சுடுவாங்க. அப்படி வாசிச்சா அது கரகரப்ரியா ராகம் மாதிரி ஆயிடும். சுரமெல்லாம் அதேதான், நடைதான் வேற. இந்த வளைவை அஞ்சு நிமிஷம் வாசிச்சுட்டு, உடனே அந்தப் பாட்டைப் போடுங்க. எஸ்.பி.பி. எவ்வளவு அலட்டிக்காம அந்த வளைவுல போயிட்டு வர்றாருன்னு காதுல விழும். மெனக்கெடறதே தெரியாது. "கண்கள் இரண்டால்" பாட்டை நூறு தடவை கேட்டவங்க இதை ஒரு தடவையாவது கேளுங்க, ப்ளீஸ்.

இப்போ விலை விஷயம். இதைப் பேசாம என்னால இருக்க முடியாது. இந்தப் படத்தோட எல்.பி. இசைத்தட்டு ஒண்ணு விற்பனைக்கு வந்துச்சு. 3,500 ரூபா! உறை ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்கு, ஃபோட்டோவுலயே கீறல் தெரியுது, அதுக்குப் பக்கத்துல "ரேர்"னு பெருசா ஒரு ஸ்டிக்கர். மக்களே, ரேருங்கறது தட்டோட நிலைமை இல்ல. தட்டு வாங்கப் போனா இப்படிப் பாருங்க. விளக்குக்குக் கீழ சாய்ச்சுப் பிடிங்க, நேரா பாக்காதீங்க. மேலோட்டமா மயிரிழை மாதிரி இருக்கற கோடு பெரும்பாலும் கேக்காது. நகத்தை மெதுவா ஓட்டுங்க, நகம் தட்டுச்சுன்னா அந்த இடத்துல ஒவ்வொரு சுத்துக்கும் "டிக்" கேக்கும். அடுத்தது, முதல் பாட்டை மட்டும் போட்டுக் காட்டி ஏமாத்துவாங்க. கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்க. தட்டோட வெளி ஓரத்துல ஊசிக்குக் கீழ நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுது. உள்பக்கம் லேபிள் கிட்ட வரும்போது 21 சென்டிமீட்டர்தான். அதே சத்தத்தைப் பாதி நீளத்துக்கும் கம்மியான இடத்துல நெருக்கி எழுதியிருக்கு. அதனால தேஞ்ச தட்டுல "ச", "ஸ" எல்லாம் கடைசிப் பாட்டுலதான் முதல்ல பிசிறும். அந்தப் பாட்டு நல்லா இருந்துச்சுன்னா அந்தப் பக்கம் பெருசா தேயலைன்னு நம்பலாம். இதையெல்லாம் சோதிக்க விடாம 3,500 கேட்டா, நான் தர மாட்டேன். நீங்களும் தராதீங்க. நாம கொடுக்கக் கொடுக்கத்தான் அவங்க ஏத்தறாங்க!

சரி, "கண்ணே கலைமானே". 1982, ஜேசுதாஸ். அதே வருஷம் அதே ஜேசுதாஸ் பாடினது "வீணையடி நீ எனக்கு", "ஏழாவது மனிதன்" படம். இசை எல். வைத்தியநாதன். வயலின் கலைஞர்கள் எல். சுப்ரமணியம், எல். சங்கர் ரெண்டு பேருக்கும் அண்ணன் இவரு, "மால்குடி டேஸ்" தொடருக்கு இசை போட்டவர். படத்துல பாட்டெல்லாம் பாரதியார் பாட்டு. "காக்கைச் சிறகினிலே" கொஞ்சம் பேருக்குத் தெரியும். இது தெரியல. தேடறதுல ஒரு சிக்கல் இருக்கு: கவிதை "பாயுமொளி நீ எனக்கு"ன்னுதான் ஆரம்பிக்கும். படத்துப் பாட்டு அதுக்குள்ள வர்ற "வீணையடி நீ எனக்கு, மேவும் விரல் நான் உனக்கு"ங்கற இடத்துலேர்ந்து பேர் எடுத்துக்குது. "பாயுமொளி"ன்னு தேடினா வேற யார் யாரோ பாடினது வரும். ஆங், இன்னொண்ணு விட்டுட்டேன். இந்தப் படத்துலயும் ரகுவரன், முன்னாடி சொன்ன "ஒரு ஓடை நதியாகிறது" படத்துலயும் ரகுவரன். அவரோட ஆரம்ப காலப் படங்கள்ல எவ்வளவு நல்ல பாட்டு ஒளிஞ்சிருக்கு பாருங்க.

"மழை தருமோ என் மேகம்". 1978, "மனிதரில் இத்தனை நிறங்களா". எஸ்.பி.பி., எஸ்.பி. ஷைலஜா. இதைப் பத்தி நீளமா பேச வேண்டாம், கேட்டாப் போதும். இசை ஷ்யாம். மலையாளத்துல பெரிய பேரு அவருக்கு, தமிழ்ல அந்தப் பேரு கிடைக்கல. 1978 எப்படிப்பட்ட வருஷம்னு யோசிங்க: "முள்ளும் மலரும்", "சிகப்பு ரோஜாக்கள்", "கிழக்கே போகும் ரயில்" எல்லாம் ஒரே வருஷம், எல்லாமே இளையராஜா. அந்த அலையில வேற யார் பாட்டும் மேல வர்றது கஷ்டம். இன்னைக்கும் இதைக் கேட்டுட்டு ராஜா சார் பாட்டுன்னு கமெண்ட் போடறாங்க. இன்னொரு இசையமைப்பாளர் வி. குமாருக்கும் இதே கதிதான். "உன்னிடம் மயங்குகிறேன்" எல்லாருக்கும் தெரியும், ஆனா பாதிப் பேர் எம்.எஸ்.வி.ன்னு சொல்வாங்க. பாட்டு பிழைச்சுக்கிச்சு, போட்டவர் பேரு போயிடுச்சு. எனக்கு இது ரொம்ப வலிக்கற விஷயம்.

என்னோட முதல் இடம் எப்பவும் "தென்னங்கீற்று ஊஞ்சலிலே"தான், பழைய வீடியோ பாத்தவங்களுக்குத் தெரியும். "பாதை தெரியுது பார்", 1960. பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும். தேதியைக் கவனிங்க. "காலங்களில் அவள் வசந்தம்" வர்றது 1961. "சிங்கார வேலனே" 1962. அதாவது ரெண்டு பேரையும் ஊரே கொண்டாடறதுக்கு முன்னாடி பதிவானது இது. இசை எம்.பி. ஸ்ரீனிவாசன், பின்னாடி மெட்ராஸ் யூத் கொயர்ங்கற கூட்டுப்பாட்டுக் குழுவை நடத்தினவர். இருங்க, முக்கியமானதைச் சொல்லல, பாட்டு எழுதினது ஜெயகாந்தன்! எழுத்தாளர் ஜெயகாந்தனேதான். இடதுசாரி ஆளுங்க சேர்ந்து எடுத்த படம், நிமாய் கோஷ் இயக்கினது. படம் ஓடல. படம் ஓடலைன்னா அந்தக் காலத்துல பாட்டுக்கு ரேடியோவை விட்டா வேற போக்கிடம் இல்ல.

கேக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். பழைய பாட்டுங்களுக்குத் தட்டுல ஒண்ணு, படத்துல ஒண்ணுன்னு ரெண்டு வடிவம் இருக்கலாம். நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற பழைய பத்து இன்ச் தட்டுல ஒரு பக்கம் மூணேகால் நிமிஷம்தான் பிடிக்கும், பாட்டு நீளமா இருந்தா வெட்டணும், இல்ல ரெண்டு பக்கமா பிரிக்கணும். அதனால நீளத்தை ஒத்துப் பாத்து, அதிகமா இருக்கறதை எடுங்க. ரெண்டாவது, கேசட்லேர்ந்து ஏத்தினது பல சமயம் வேகமா ஓடும். குரல் மெலிஞ்சு கீச்சுன்னு இருந்தா சந்தேகப்படுங்க. சுருதி ஆப்புல பாத்து அரைக் கட்டை ஏறியிருந்தா, ஆடாசிட்டிங்கற ஆடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல வேகத்தை 5.6 சதவீதம் குறைங்க. டெம்போ மட்டும் மாத்தற ஆப்ஷனை எடுத்துடாதீங்க, நடை குறையும், சுருதி அப்படியே நிக்கும்.

தேடும்போது பாட்டோட முதல் வரியை இங்கிலீஷ்ல அடிக்காதீங்க. "தலையை"ங்கற ஒரு வார்த்தையையே ஒவ்வொருத்தர் ஒவ்வொரு விதமா எழுதி வச்சிருக்காங்க. படத்துப் பேரு, வருஷம், இசையமைப்பாளர், இந்த மூணையும் போட்டுத் தேடுங்க.

அடுத்த லிஸ்டுக்கு உங்க பாட்டையும் கீழ போடுங்க. பாட்டுப் பேரோட அந்த மூணும் சேத்தே போடுங்க. இசையமைப்பாளர் பேரு தெரியலைன்னா ராஜா சார்னு குத்துமதிப்பா போடாதீங்க, அந்த இடத்தைக் காலியா விடுங்க, நான் தேடிப் போடறேன்.