ஆர்மீனியாவுக்கு எந்தக் கதவு திறந்திருந்தது?

அவையோருக்கு வணக்கம்.

இரண்டு பெரிய பொருளாதார அணிகள் இரு பக்கமும் நின்று கூப்பிட்டால், ஒரு சின்ன நாடு எதைப் பார்த்து முடிவெடுக்கும்? பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஆர்மீனியாவை எடுத்துக்கொள்வோம்.

ஏறக்குறைய 30 லட்சம் மக்கள். கடற்கரை கிடையாது. துருக்கி எல்லை 1993 முதல் மூடிக் கிடக்கிறது, அஜர்பைஜான் எல்லையும் மூடியேதான். வடக்கே ஜார்ஜியா, தெற்கே ஈரான், இவ்வளவுதான் வழி. ரஷ்யாவோடு பொது எல்லையே இல்லை. ரஷ்யாவுக்குப் போகும் பிராந்தியும் ஏப்ரிகாட்டும் பெரும்பாலும் ஜார்ஜியா வழியாக லார்ஸ் மலைச்சாலையில் லாரியில்தான் போகின்றன. குளிர்காலத்தில் பனிச்சரிவு விழுந்தால் சாலையை மூடிவிடுவார்கள். லாரிகள் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும்.

2013 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்துடன் தடையற்ற வணிகத்துக்கான பேச்சு முடிந்துவிட்டது. நவம்பரில் லிதுவேனியாவின் வில்னியஸில் நடக்கும் மாநாட்டில் முதற்கட்டக் கையெழுத்து இடுவதுதான் பாக்கி. செப்டம்பர் 3 அன்று அதிபர் செர்ஜ் சர்க்சியான் மாஸ்கோவில் புதினைச் சந்தித்துவிட்டு, ரஷ்யா தலைமையிலான சுங்க ஒன்றியத்தில் சேரப்போவதாக அறிவித்தார்.

இரண்டிலும் இருந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. தடையற்ற வணிகப் பகுதியில் உறுப்பு நாடு வெளியாருக்கான வரியைத் தானே வைத்துக்கொள்ளலாம். சுங்க ஒன்றியத்தில் வெளியாருக்கு எல்லோரும் ஒரே வரி. அந்த உரிமையைக் கொடுத்துவிட்டால் தனியாக யாரோடும் வரிச்சலுகை பேச முடியாது. கூட்டணியின் பெயரைவிட இந்த ஒரு ஷரத்தைத்தான் சிறிய நாடுகள் பலமுறை படிக்க வேண்டும்.

சர்க்சியானைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன். எரிவாயு ரஷ்யாவிலிருந்து வருகிறது. கியூம்ரி நகரில் ரஷ்யப் படைத்தளம். பல குடும்பங்களில் அடுப்பெரிவது ரஷ்யாவில் வேலை பார்ப்பவர் அனுப்பும் பணத்தில். போதாததற்கு, அதே கோடையில் ரஷ்யா, ஆர்மீனியாவின் பகை நாடான அஜர்பைஜானுக்கு டாங்கிகளை அனுப்பத் தொடங்கியிருந்தது. இதில் வணிகக் கணக்குக்கு எங்கே இடம்?

2015 ஜனவரியில், அந்தச் சுங்க ஒன்றியத்தின் மேல் எழுந்த யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் ஆர்மீனியா சேர்ந்தது. அதன் விலை சாதாரண மக்களுக்குத் தெரிந்தது கார் வாங்கும்போது. இறக்குமதி கார்களுக்கான சலுகை வரி 2020இல் முடிந்து ஒன்றியத்தின் பொது வரி வரப் போகிறது என்றதும், 2019 முழுக்க மக்கள் அடித்துப்பிடித்துக் கார் இறக்கினார்கள்.

எதற்காக அந்த விலையைக் கொடுத்தார்களோ, அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 2023 செப்டம்பரில் அஜர்பைஜானுக்குள் ஆர்மீனியர்கள் வாழ்ந்த நகோர்னோ கராபாக் பகுதியில் அஜர்பைஜான் படை நுழைந்தபோது அங்கிருந்த ரஷ்ய அமைதிப்படை தடுக்கவில்லை. சில நாட்களில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆர்மீனியர்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள்.

அப்புறம்தான் 2025இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் முயற்சியைத் தொடங்கச் சட்டம் இயற்றினார்கள். ரஷ்யத் துணைப் பிரதமர் ஓவெர்சுக் அதை டைட்டானிக் கப்பலுக்கு டிக்கெட் எடுப்பதோடு ஒப்பிட்டார். மிரட்டலை விடுங்கள், சிக்கல் உண்மையானது. இன்றும் ஆர்மீனியாவின் மிகப் பெரிய வணிகக் கூட்டாளி ரஷ்யாதான்.

அதனால் நான் பிரஸ்ஸல்ஸையும் மாஸ்கோவையும் விட, கியூம்ரியிலிருந்து துருக்கியின் கார்ஸ் நகருக்குப் போகும் ரயில் பாதையைத்தான் கவனிக்கிறேன். 1993இல் நின்றுபோன பாதை அது. துருக்கியோ 1996 முதல் ஐரோப்பாவுடன் சுங்க ஒன்றியத்தில் இருக்கிறது. அந்தத் தடத்தில் சரக்கு வண்டி ஓடத் தொடங்கினால்தான், ஆர்மீனியா முதல்முறையாக உண்மையில் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு வரும்.