புத்துக்குப் பால் ஊற்றிய ரெண்டு வருஷம்

நடுவர் அவர்களுக்கும், பொங்கல் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுட்டு இந்தப் பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்திருக்கிற கொழிஞ்சாம்பாறை மக்களுக்கும் வணக்கமுங்க. வேலந்தாவளத்துல இருந்தும் கோபாலபுரத்துல இருந்தும் வந்தவங்களுக்குக் கடைசி பஸ் போயிருக்கும். அவங்களுக்குத் தனியா ஒரு வணக்கம்.

மனிதனை அறவழியில் நடத்துவது அறிவியல் காட்டும் உண்மையா, மதம் தரும் நம்பிக்கையா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால நம்பிக்கை அணியில் பேசின ஐயா, எனக்கு அஞ்சாம் வகுப்புல தமிழ் சொல்லிக்கொடுத்தவர். மூணு விஷயம் சொன்னார். அணுகுண்டு செஞ்ச அறிவியலுக்கு மனசாட்சி ஏது என்றார். பெருவியாதிக்காரரை, அதாவது தொழுநோயாளியைத் தொட்டுப் புண் கழுவினது கடவுளை நம்பினவங்கதான் என்றார். அறிவியல் நேத்து ஒண்ணு சொல்லும், இன்னைக்கு ஒண்ணு சொல்லும், அதை நம்பி எப்படி வாழறது என்றும் கேட்டார்.

ஐயா, நான் மேடைப் பேச்சாளர் இல்லீங்க. ஆஷா பணியாளர், அதாவது ஊர்ல சுகாதார வேலை பார்க்கிறவ. வீடு வீடா ஏறி இறங்குறவ. நீங்க எடுத்த பெருவியாதியையே நானும் எடுத்துக்கிறேன். ஏன்னா அதை நான் கிட்ட நின்னு பார்த்திருக்கேன்.

ஊரும் பேரும் சொல்ல மாட்டேன். தென்னை ஏறிக் கள்ளு இறக்குற அண்ணன் ஒருத்தர். தோல் நோய் கணக்கெடுப்புக்குப் போனப்போ சட்டையைக் கழட்டச் சொன்னேன். முதுகுல வெத்தலை அகலத்துக்கு வெளுத்த படை, தோள்ல ரெண்டு, முழங்கை கிட்ட ஒண்ணு. "தேமல்தான் தங்கச்சி"ன்னார். "கண்ணை மூடிக்குங்கண்ணா, பேனா படுற இடத்தை விரலால தொட்டுக் காட்டுங்க"ன்னேன். நல்ல தோல்ல வச்சப்போ டக்குனு காட்டினார். படை மேல வச்சேன். கை அசையவே இல்லை. அழுத்தி வச்சேன். "ஏன் தங்கச்சி நிறுத்திட்டே?"ன்னு கேட்டார்.

அவங்கம்மா வாசல்ல நின்னு பார்த்துட்டு அழுதாங்க. அவங்களுக்கு இது முன்னாடியே தெரியும். ரெண்டு வருஷமா தெரியும். நாகதோஷம்னு யாரோ சொல்லியிருக்காங்க. ரெண்டு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமப் புத்துக்குப் பால் ஊத்தியிருக்காங்க. வீட்ல அவருக்குத் தட்டும் டம்ளரும் தனி. பிள்ளைங்க பக்கத்துல படுக்கக் கூடாது. "போன ஜென்மத்துல எந்த உசுரை வதைச்சானோ"ன்னு பெத்த தாயே சொல்றாங்க. அந்தம்மா கெட்டவங்க இல்லீங்க. மகன் மேல உசுரையே வச்சிருக்காங்க. ஆனா காரணம் தப்பாத் தெரிஞ்சதால, அந்த அன்பு மகனையே குற்றவாளியாக்கிடுச்சு.

நடுவர் அவர்களே, நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான். காரணம் தெரியாத அறம் தப்பான ஆளைத் தண்டிக்கும். எவ்வளவு நல்ல மனசா இருந்தாலும் தண்டிக்கும்.

1873-ல நார்வே நாட்டுல ஹான்சன்னு ஒரு மருத்துவர், நோயாளியோட திசுவில் குச்சி குச்சியா ஒரு கிருமியைப் பார்த்தார். அதுவரைக்கும் பாவம், சாபம், பரம்பரை. அன்னைக்கு முதல் அது கிருமி. ரொம்ப மெதுவா வளர்ற கிருமி; ரெண்டாப் பிரியவே பன்னெண்டு பதினாலு நாள் ஆகும். உடம்புல புகுந்து வெளியே தெரிய சராசரி அஞ்சு வருஷம், சிலருக்கு இருபது. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு இத்தனை வருஷம் ஒளிஞ்சிருந்தா மனுஷன் போன ஜென்மத்துல தேடாம என்ன செய்வான்? அதனால நம்ம முன்னோரை நான் பழிக்க மாட்டேன். தெரிஞ்ச பிறகும் புத்துக்கே போறதைத்தான் கேக்கறேன்.

ஐயா சொன்ன புண் கழுவின கைகளை நான் கும்பிடுறேன். ஆனா கழுவக் கழுவப் புதுசா ஆள் வந்துட்டே இருந்தாங்களே! நம்ம பக்கத்து மரோட்டி மரத்து விதை எண்ணெயைத் தேய்ச்சுப் பார்த்தாங்க, ஊசியாவும் போட்டாங்க, முழுசாக் கேக்கலை. 1940-கள்லதான் உருப்படியான மருந்து வந்துச்சு. 1981-ல உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்து சொல்லிச்சு. படை கொஞ்சம்னா ஆறு மாசம், நிறையன்னா பன்னெண்டு மாசம், காசில்லாம. மாசாமாசம் முதல் வேளை மாத்திரையை அந்த அண்ணன் எங்க கண் முன்னால முழுங்கணும். முழுங்கினார். தோல் கறுத்துப்போச்சு, அது மருந்தோட குணம். படை இருந்த இடத்துல உணர்ச்சி வராட்டியும் நோய் நின்னுடுச்சு. ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே மத்தவங்களுக்குத் தொத்தாதுன்னு டாக்டர் சொன்னதும், நான்தான் அந்தத் தனித் தட்டை எடுத்து மத்த தட்டுங்களோட அடுக்கினேன்.

எதிரணி சொல்லாத ஒண்ணை நானே சொல்றேன். கிருமின்னு தெரிஞ்சதும் வெள்ளைக்காரன் 1898-ல சட்டம் போட்டு நோயாளிகளைப் பிடிச்சு அடைச்சான். அறிவியல் பேராலதான் அடைச்சான். அந்த ஹான்சனே 1879-ல ஒரு நோயாளிப் பெண்ணோட கண்ணுல, அவளை ஒரு வார்த்தை கேக்காம, நோய்ச் சரக்கை ஊசியால ஏத்தினார். மறு வருஷம் கோர்ட்டு அவரைக் குற்றவாளின்னு சொல்லிச்சு, ஆஸ்பத்திரிப் பதவி போச்சு. இதை மறைக்கலீங்க. கிருமிக்கு அவர் பேரை வச்சிருக்கிற அதே மருத்துவம் அவர் குத்தத்தையும் பாடமா வச்சிருக்கு. அணுகுண்டும் குத்தம்தான். அதுல பிழைச்சவங்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து, கதிர்வீச்சால ரத்தப்புற்று வருதுன்னு உலகத்துக்கு எடுத்துச் சொன்னதும் இதே அறிவியல்தான்.

நேத்து ஒண்ணு, இன்னைக்கு ஒண்ணுன்னீங்களே ஐயா, அதுதாங்க இதோட நேர்மை. நூத்துல தொண்ணூத்தஞ்சு பேருக்கு இந்த நோயைத் தாங்குற சக்தி உடம்புலயே இருக்குன்னு பின்னால தெரிஞ்சது. மருந்தும் வந்தது. அப்போ அடைச்சு வச்சது தப்புன்னு ஆச்சு. அந்த 1898 சட்டத்தை 2016-ல எடுத்தாங்க. புருஷனுக்கோ பொண்டாட்டிக்கோ பெருவியாதின்னா விவாகரத்து வாங்கலாம்னு இருந்ததை 2019-ல நீக்கினாங்க. தாமதம்தான், ரொம்பத் தாமதம். ஆனா உண்மை முன்னால போச்சு, அறம் பின்னாலயே வந்துச்சு.

தர்கா இருக்கிற ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை மறந்துட்டோமா? 2001 ஆகஸ்ட் 6. மனநோயாளிகளைச் சங்கிலியில கட்டி வச்ச கொட்டகையில தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க. அங்க எல்லா மதத்துக்காரங்களும் போவாங்க. கொண்டுபோய் விட்டவங்க எதிரிங்க இல்லை, அப்பா அம்மா, கூடப் பொறந்தவங்க. பேய் பிடிச்சிருக்குன்னு நம்பினாங்க. பேய்க்குச் சங்கிலி போட்டதா நினைச்சாங்க. சங்கிலி கிடந்தது பிள்ளை கால்ல.

மணி அடிச்சுட்டாங்க, முடிச்சுக்கிறேன். அந்த அண்ணன் திரும்ப மரம் ஏறுறாரான்னு கேப்பீங்க. நோய் போயிடுச்சு. ஆனா வலது கையில மோதிர விரலும் சுண்டுவிரலும் உள்ளே மடங்கிடுச்சு. நரம்பு செத்தா மருந்து அதை மீட்டுத் தராது. முதல் படை வந்தப்பவே வந்திருந்தா அந்த விரல் ரெண்டும் நேராவே இருந்திருக்கும்னு டாக்டர் சொன்னப்போ அந்தம்மா பக்கத்துலதான் நின்னாங்க. பாளை சீவுற கத்தியைப் பிடிச்சுப் பார்த்தார். நழுவிச்சு. இப்போ ஒரு கடையில பாரம் தூக்குறார்.

நடுவர் அவர்களே, அந்த ரெண்டு விரலையும் மனசுல வச்சுக்கிட்டு நீங்க தீர்ப்பு சொல்லணும். வணக்கம்.